மூணாவது லோரோங்

நாகையாவின் இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் மிச்சம். பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலையில் இருந்தபோது, ஒரு மழை நாளில் மற்ற மூன்றும் நசுங்கிப் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனுக்கு ரயில்வே ஆறாம் நம்பர் கேட்டைக் கொடுத்தது. அது 1919ஆம் வருஷம். அவனுக்கு அப்போது முப்பது வயது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் குடிசை, ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக அடிக்கும் ஒரு மணி. மணி அடித்தால் இரண்டு பக்கக் கதவுகளையும் இழுத்துச் சாத்த வேண்டும். வண்டி போனதும் திறக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவன். அதற்குப் பிறகு ரெங்கசாமி.

தண்டவாளத்துக்குக் கிழக்கே ஆற்றுப் பக்கம். செங்கல் சூளைகளுக்கு மண் தோண்டிய குட்டைகளும், அவற்றின் கரைகளில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடுகளுமாகக் கிடக்கும். மேற்கே மேட்டுப் பக்கம். அங்கே ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிமார் குடியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்தது ஒரு மண் பாதை. யாரும் திட்டம் போட்டு வெட்டிய பாதையல்ல அது. சூளைக்காரர்களின் மாட்டுவண்டிகள் போய்ப் போய் விழுந்த தடம். ரயில் பிறகுதான் வந்தது. வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. அதனால்தான் அங்கே ஒரு கேட்டு.

தங்கமணி 1921இல் அந்த வழியாக வரத் தொடங்கினாள். அவள் புருஷன் அய்யாவு சூளையில் வேலை பார்த்தவன், காய்ச்சலில் செத்துப்போனான். ஊருக்குத் திரும்பிப் போகலாமென்றால் அங்கே அவளுக்கு யாரும் இல்லை. அய்யாவுவின் அக்கா மாரியாயியோடு குட்டைக்கரையிலேயே தங்கி, மேட்டுப் பக்கம் குடும்பமில்லாமல் இருந்த கிராணிமாருக்கு மதியச் சாப்பாடு கொடுத்துப் பிழைத்தாள். மாரியாயி சமைப்பாள், தங்கமணி சுமப்பாள். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, கூடைக்குள் ஒன்பது தூக்குச்சட்டிகள். வீட்டிலிருந்து கேட்டுக்கு ஐந்து நிமிஷம். கேட்டிலிருந்து முதல் கிராணி வீட்டுக்கு மூன்று நிமிஷம். சோறு சூடாகவே போய்ச் சேரும்.

ஆனால் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. கிள்ளானிலிருந்து வரும் வண்டி பதினொன்றே முக்கால் வாக்கில் அந்த இடத்தைக் கடக்கும். ஸ்டேஷனில் இடம் காலியில்லை என்றால் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு ஊதிக்கொண்டே இருக்கும். கேட்டைச் சாத்தினால் பத்து நிமிஷமாவது ஆகும் திறக்க.

“அண்ணே, வண்டி இன்னும் கண்ணுக்கே தெரியல. நான் மட்டும் ஓடிர்றேனே” என்றாள் முதல் நாள்.

“மணி அடிச்சாச்சும்மா. அடிச்ச பிறகு ஒரு கோழி குறுக்க போனாலும் எந்தலைதான் உருளும்.”

“கோழிக்குச் சோறு ஆறிப்போற கவலை இல்லண்ணே.”

நாகையா சிரித்துவிட்டான். விரல் போன நாளிலிருந்து வேலை இடத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் வந்தபோது கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைக்கக் கை கொடுத்தான். அதற்கு மறுநாள் குடிசை நிழலில் கூடை வைக்க ஒரு ஸ்லீப்பர் கட்டையைப் புரட்டிப் போட்டு வைத்திருந்தான். பத்துப் பத்து நிமிஷமாக அவர்கள் பேசினார்கள். எந்தக் கிராணி புளிக்குழம்பு வேண்டாமென்கிறார், எந்தக் கிராணிக்கு ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள், மாரியாயியின் முழங்கால் வலி, பாசாரில் கிடைத்த சொத்தைக் கத்தரிக்காய், நேற்றைய மழை. வண்டி தாமதமாக வந்தால் முன்பெல்லாம் எரிச்சல்படுவான் நாகையா. இப்போது தாமதமாகும் நாட்களில் எதற்கென்று தெரியாமல் மனசு லேசாக இருந்தது. சரியான நேரத்துக்கு வந்து போய்விட்டால், பச்சைக் கொடியைச் சுருட்டும்போதே அந்த நாள் முடிந்துவிட்டதைப் போல இருந்தது.

நாலு வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாள் பேச்சுக்கு நடுவில்தான் அவனுக்கு உறைத்தது: அவள் ‘அண்ணே’ என்று கூப்பிடுவதை விட்டிருந்தாள். எப்போது விட்டாள் என்று யோசித்துப் பார்த்தான், பிடிபடவில்லை. அண்ணே என்று மட்டுமல்ல, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. ‘இங்க பாருங்க’ என்றும் ‘கேட்டீங்களா’ என்றும்தான் பேச்சைத் தொடங்கிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ரெங்கசாமியிடம் கொடிகளைக் கொடுத்துவிட்டு, தன் கூலி வரிசை வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவன் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு நடந்தான்.

கேட்டிருக்கலாம். ஆனால் என்ன வைத்துக்கொண்டு கேட்பது? கல்யாணமாகாத ஆண்கள் ஐந்து பேர் படுக்கும் ஓர் அறையில் அவனும் ஒருவன். இரண்டு விரல் கை. அவளோ புருஷனை இழந்தவள். நாத்தனாரோடு மானமாகப் பிழைக்கிறவள். கேட்டுக்காரனோடு பேச்சு என்று ஒரு வார்த்தை கிளம்பினால் நாளைக்கு எந்தக் கிராணி அவள் கையால் சோறு வாங்குவான்? தவிர, அவசரமும் இருக்கவில்லை. நாளைக்கும் வண்டி வரும். நாளைக்கும் கேட்டைச் சாத்துவான்.

1926 டிசம்பரில் ஆறு ஏறிவந்தது.

காலையில் குட்டைகளெல்லாம் ஒன்றாகியிருந்தன. பகலுக்குள் அத்தாப்புக் கூரைகள்தான் தெரிந்தன. சுற்றுவட்டாரத்தில் மேடாக இருந்தது தண்டவாளம் ஒன்றே. நாகையா இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து கட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வருகிறவர்களைக் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினான். தங்கமணி மார்பளவு தண்ணீரில், கூடை இல்லாமல், வெறும் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

“அக்கா உள்ளயே இருக்கு! கால் வரமாட்டேங்குதாம். கட்டில் மேல ஏறி உக்காந்திருக்கு. யாராச்சும் வாங்களேன்!”

நாகையா போனான். அதற்கு முன் அவள் வீட்டுப் பக்கம் அவன் போனதே இல்லை. ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, பாதி நீந்தியும் பாதி நடந்தும் போய், மாரியாயியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பினான். வழி முழுக்க அவள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

“மெல்லப் போடா பாவி! காட்டு மாடு மாதிரி போறான் பாரு. யார் பெத்த பிள்ளையோ, கண்ணு பிடரியிலயா இருக்கு? அங்க முள்ளு, அங்க முள்ளு!”

அந்தக் கணீர்க் குரல் ரயில் ஊதலையும் தாண்டிக் கேட்கும்.

மூன்று நாள் வண்டி ஓடவில்லை. தண்டவாளத்தின் மேல் ஜனங்கள் வரிசையாகக் கோணி விரித்துக் கிடந்தார்கள். மாரியாயியையும் தங்கமணியையும் குடிசைக்குள் விட்டுவிட்டு நாகையா யார்டில் நின்ற ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்தான். மூன்றாம் நாள் மத்தியானம் தங்கமணி அவன் அடுப்பில் கஞ்சி காய்ச்சினாள். ஊற்றிக் கொடுக்கப் பாத்திரம் தேடினாள்.

“ஒரே தட்டுதானா இருக்கு?”

“ஒருத்தனுக்கு எத்தனை தட்டு வேணும்?”

அவள் தட்டைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். அவன் நெஞ்சுக்குள் வார்த்தை வந்து நின்றது. மூலையில் மாரியாயி இருமினாள். தங்கமணி கஞ்சியை ஊற்றி முதலில் நாத்தனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் தண்ணீர் வடியத் தொடங்கியது.

வெள்ளம் வந்த பிறகுதான் நகரம் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷம் சர்வே ஆட்கள் வந்தார்கள். இரும்புச் சங்கிலியை இழுத்து அளந்தார்கள். சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை வாசல்களிலும் கோழிக்கூடுகளிலும் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆபீசில் படம் வரைகிறவர் ராதாகிருஷ்ணன், தங்கமணியிடம் சோறு வாங்கும் கிராணிகளில் ஒருவர், இளைஞர். ஒருநாள் மழைக்கு ஒதுங்க நாகையாவின் குடிசைக்குள் வந்தவர், சுருட்டி வைத்திருந்த காகிதத்தை ஆசையோடு விரித்துக் காட்டினார்.

“இதுதான் ஆறு. வளைஞ்சு வளைஞ்சு போகுதில்ல, இதை நேராக்கப் போறாங்க. குட்டையெல்லாம் மூடிருவாங்க. இது புது ரோடு, அறுபதடி அகலம். இந்த இடத்துல லைனுக்கு மேல பாலம் வருது. இனிமே காரு, பஸ்ஸு, லோரி ஒண்ணும் நிக்க வேணாம்லா. எல்லாம் மேலயே போயிரும்.”

நாகையா குனிந்து பார்த்தான். எழுத்து அவனுக்குத் தெரியாது, கோடுகள் தெரிந்தன. “நம்ம பாதை எதுங்க இதுல?”

ராதாகிருஷ்ணன் விரலை வைத்துத் தேடினார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “கேட்டுப் பாதையா? அது இதுல இல்லையே.”

“இல்லேன்னா?”

“பாலம் வந்த பிறகு கேட்டு எதுக்குண்ணே? மூடிருவாங்க. உங்களுக்கு வேற இடத்துல வேலை போட்டுக் கொடுப்பாங்க, பயப்படாதீங்க.” அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

சிவப்பு முளைகளில் ஒன்று தங்கமணியின் அடுப்படிக்குள்ளேயே இறங்கியிருந்தது. புது ரோட்டின் பாதையில் இருந்த வீடுகளை எடுத்துவிட்டு, ஆற்றோரமாகக் கொஞ்சம் தள்ளி வேறு இடம் காட்டினார்கள். அவர்களும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களும் அங்கே குடிசை போட்டுக்கொண்டார்கள். அங்கிருந்தும் தங்கமணி கேட்டு வழியாகவே வந்தாள். வருகிற தூரம்தான் இரட்டித்தது.

1928 ஆகஸ்டில் பாலம் முடிந்தது. கேட்டை மூடும் தேதியை எழுதி ஒரு பலகை மாட்டினார்கள். கடைசி நாள் கிள்ளான் வண்டி சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. தூரத்தில் புகை தெரிந்தது.

“இனிமே பாலத்தச் சுத்தித்தான் போகணும்” என்றாள் தங்கமணி. “போயிட்டு வர ஒன்றரை மைலுக்கு மேல ஆகுதுங்க. நேத்து சும்மா நடந்து பாத்தேன். சோறு ஆறிரும்.”

“எனக்குக் கிள்ளான் பக்கம் போட்டிருக்காங்க. ரப்பர் காட்டுக்குள்ள ஒரு கேட்டு.”

“அவ்வளவு தூரமா?”

வண்டி ஊதியது. நாகையா கொடியை விரித்தான். அவளைப் பார்க்காமல், வண்டி வரும் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்: “குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். குடும்பத்துக்குக் கொடுக்குற வீடு. தனியறை, தனி அடுப்படி.”

அவள் சும்மாட்டைச் சுருட்டிச் சரிசெய்தாள். பிறகு, “கிடைக்குமா?” என்றாள்.

“கிடைக்கும்னுதான் சொல்றாங்க.”

“கிடைச்சா வந்து சொல்லுங்க.” கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “வீடு தெரியுமில்ல? பெரிய ரோட்டுலருந்து ஆத்துப் பக்கம் இறங்கினா மூணாவது லோரோங். அந்தச் சந்துல நேரா வந்தா ஒரு குட்டையில முட்டும். குட்டைக்கரையில வலது கைப் பக்கம் திரும்புங்க. வாசல்ல முருங்கை நிக்கும்.”

“மூணாவது லோரோங்.”

“மூணாவது.”

பெட்டிகள் அவர்களுக்கு முன்னால் ஓடி முடிந்தன. அவன் கதவைத் திறந்தான். அவள் போனாள். அன்று மாலையே இரண்டு பக்கமும் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டுக் கம்பி இழுத்து வேலி அடைத்துவிட்டார்கள்.

கிள்ளான் பக்கத்துக் கேட்டில் பகலில் ஆறே வண்டிகள்தான். தோட்டத்து மாட்டுவண்டிகளும் சைக்கிளில் போகும் சீன முதலாளித் தவுக்கேமாரும் தவிர நிற்க ஆளில்லை. நாகையா காத்திருந்தான். வீடு கையில் இல்லாமல் அவள் வாசலில் போய் நிற்கக் கூடாதென்று அவனுக்குள் ஒரு பிடிவாதம். வெறும் பேச்சோடு போகிறவன் என்று அந்த நாத்தனார் நினைத்துவிடக் கூடாது. மாதங்கள் போயின. மனு கிராணியிடம் இருக்கிறது என்றார்கள். துரையிடம் போயிருக்கிறது என்றார்கள். 1930 மாசி மாதம்தான் வீடு கிடைத்தது. செங்கல் சுவர், தனியறை, தனி அடுப்படி. சாவியை வாங்கிய அன்றே அவன் கிள்ளான் பாசாருக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கினான்.

அடுத்த விடுமுறை நாளில், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் இறங்கினான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நின்றுவிட்டான். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

பெரிய ரோடு என்று அவள் சொன்னது ஸ்டேஷன் முன்னால் ஓடிய பழைய ரோட்டை. இப்போது அதைவிட அகலமாகப் புது ரோடு ஓடியது. பழைய ரோட்டிலிருந்து எண்ணினால் மூணாவது லோரோங் புது ரோட்டில் போய்ச் சேர்ந்து, ரோட்டுக்கு அந்தப்புறமும் வேறு பெயரில் தொடர்ந்தது. புது ரோட்டிலிருந்து எண்ணலாமென்றால், எந்த முனையிலிருந்து எண்ணுவது? முன்பு இரண்டு லோரோங்குகள் இருந்த இடத்தில் நடுவில் ஒன்றை வெட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் குட்டையில் முட்டி நின்ற சந்துகள் இப்போது எங்கும் முட்டவில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒன்றைக் குறுக்கே வெட்டி, எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்திருந்தன. குட்டையைக் காணோம். அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் செம்மண் கொட்டிச் சமப்படுத்தி, கடைவீடுகளுக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. முருங்கை மரம் வாசலுக்கு வாசல் நின்றது.

ஒரு வெற்றிலைப் பாக்குக் கடையில் நின்று கேட்டான். “இங்க ஒரு குட்டை இருந்துச்சே?”

“குட்டையா? எந்தக் குட்டை? நான் இங்க வந்தே ஆறு மாசம்தான்லா ஆச்சு. ஆரைத் தேடுறீங்க?”

நாகையா வாயைத் திறந்தான். தங்கமணி என்று சொல்ல வேண்டும். புருஷன் இல்லாத ஒரு பெண்ணின் பெயரை ஓர் அயல் ஆண் கடை வாசலில் நின்று கேட்டால் அது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். நீ அவளுக்கு என்ன வேணும் என்பான். என்ன வேணும்?

“ஒண்ணுமில்ல. சும்மாதான்” என்றான்.

அதன் பிறகு விடுமுறை கிடைத்த நாளெல்லாம் வந்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தரம். காலையில் வந்து, நாலு மணி வண்டிக்குத் திரும்புவான். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. மதியம் பதினொன்றரைக்குப் பாலத்தின் அடியில் நின்று பார்த்தான்; கூடையோடு அவள் வரவில்லை. கோயில் வாசலில் நின்று பார்த்தான். லோரோங் லோரோங்காக நடந்தான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று மாறியிருந்தது. போன தடவை வேலியாக இருந்த இடம் வழியாகியிருக்கும், வழியாக இருந்த இடத்தில் சுவர் எழுந்திருக்கும். கடைசியில், விலாசம் தெரியாமல் முழிக்கிற ரிக்‌ஷாக்காரர்களுக்கு அவனே வழி சொல்லும் அளவுக்கு அந்தத் தெருக்கள் அவனுக்குப் பழகிப்போயின. அவனுக்கு வேண்டிய ஒரு வாசலைத் தவிர.

மார்கழியில் ஒருநாள், பொதுக் குழாய் ஒன்றைக் கடந்து போனபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“தள்ளுடி அந்தப் பக்கம்! காட்டு மாடு மாதிரி வந்து இடிக்கிறா பாரு. வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?”

நாகையா திரும்பினான். மாரியாயி தடியூன்றி நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் கிட்டே போனதும் அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவனுடைய இடது கையைப் பார்த்தாள்.

“கேட்டுக்காரனா?”

“ஆமாக்கா.”

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?”

அவன் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். வீடு இரண்டு திருப்பம் தள்ளி இருந்தது. அந்த லோரோங்கின் முனை வரை அவன் முன்பே இரண்டு தடவை வந்திருக்கிறான். வாசலில் முருங்கை இல்லை. வடிகால் வெட்டும்போது சாய்த்துவிட்டார்களாம். உள்ளே வேறு யாரும் இருக்கும் சத்தமில்லை. குடத்தை இறக்கியவன் சுற்றிலும் பார்த்தான்.

“இல்ல” என்றாள் மாரியாயி. “ஆவணியில கட்டிக்கொடுத்துட்டேன். தெலுக் பங்லிமா காராங்ல. கன்னையான்னு பேரு, தோட்டத்து லோரி ஓட்டுறான். பெஞ்சாதி செத்தவன். நல்ல மனுஷன். குடிக்கிறதில்ல.”

நாகையா குடத்தைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தான்.

“பாலத்தச் சுத்திப் போறதுக்குள்ள சோறு பச்சத் தண்ணியாப் போயிரும்” என்று அவள் தொடர்ந்தாள். “கிராணிமாருங்க எத்தன நாளைக்குத் தின்பாங்க? பாலத்துக்கு அந்தப்பக்கம் சாப்பாட்டுக் கடை வந்துச்சு. ஒம்போது சட்டி அஞ்சாச்சு, மூணாச்சு. நானும் அடுப்புகிட்ட நிக்க முடியாமப் போயிட்டேன். ரெண்டு பொம்பளைங்க என்ன செய்யிறது? அவ ரெண்டு வருசம் சரின்னு சொல்லல. வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன்னு கெளம்புவா. கோயில் இந்தப் பக்கம். அவ போறது அந்தப் பக்கம். அந்தக் கம்பி வேலிகிட்ட நின்னுட்டு வருவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா.”

“மாசியிலதான் வீடு கெடச்சுதுக்கா. அப்பலருந்து தேடுறேன்.”

“வீடு கெடக்குது. முந்தியே ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“வீடு இல்லாம எப்படிக்கா கேக்குறது?”

“அவ வீடா கேட்டா?” என்றாள் மாரியாயி.

சற்று நேரம் கழித்து அவள் எழ முயன்று, முடியாமல், குழாயடியில் இன்னொரு குடம் கிடப்பதாகச் சொன்னாள். அவன் போய் எடுத்துவந்தான்.

பதினைந்து நாள் கழித்து அவன் மறுபடி வந்தான். எதற்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் பிடித்து வைத்தான், கூரையில் பெயர்ந்திருந்த அத்தாப்பை மாற்றினான். அவன் கேட்காமலே அவள் தங்கமணியைப் பற்றிச் சொன்னாள். கன்னையா அவளுக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் பத்துமலைக்கு வருகிறார்களாம், இங்கேதான் தங்குவார்களாம். “நீ வர்றதும் வராததும் உம் பாடு” என்றாள்.

வரக் கூடாதென்றுதான் நாகையா முடிவு செய்திருந்தான். பூசத்துக்கு மறுநாள் பகலில் அவன் கால்கள் அவனை அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. வெளியே ஒரு லோரி நின்றது. தங்கமணி வாசலில் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். சற்றுப் பெருத்திருந்தாள். நெற்றியில் குங்குமம். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளேயிருந்து நெடுநெடுவென்று ஓர் ஆள் வந்தான்.

“இவங்க நாகையா” என்றாள் அவள் அவனிடம். பத்து வருஷத்தில் அவள் அவன் பெயரைச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் முறை. “வெள்ளத்துல அக்காவ முதுகுல சுமந்தாங்கன்னு சொன்னேனே.”

கன்னையா இரண்டு கைகளாலும் நாகையாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா சொல்லுச்சுண்ணே. தண்ணி பிடிச்சு வைக்கிறதும் நீங்கதானாமே. தனியா விட்டுட்டுப் போறமேன்னு இதுக்கு ஒரே கவலை. ரோடெல்லாம் இப்ப நல்லாப் போட்டுட்டாங்க. நெனச்சா ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம். அந்தக் காலம் மாதிரியா?” லோரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்று வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

மாரியாயி உள்ளே எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

“குவார்ட்டர்ஸ் கெடச்சுதாமே” என்றாள் தங்கமணி.

“போன வருஷம் மாசியில.”

அவள் கோணியின் முடிச்சை இறுக்கினாள். “மாசியில நான் இங்கதான் இருந்தேன்.”

“தெரியும். அக்கா சொல்லுச்சு. இந்த லோரோங் முனை வரைக்கும் ரெண்டு தடவை வந்திருக்கேன். குட்டையக் காணோம். மூணாவது எதுன்னு தெரியல.”

“முனை வரைக்குமா?” அவள் லோரோங்கின் முனையைப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். “ஒரு குரல் கொடுத்திருக்கலாமில்ல?”

“என்னன்னு கொடுக்குறது?”

“தங்கமணின்னு” என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோணியைத் தூக்கினாள். அவன் வாங்கப் போனான். “வேணாம்” என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கொடுத்தாள். லோரி வரைக்கும் பத்தடி. அவன் கோணியை ஏற்றி வைத்தான். கன்னையா தண்ணீரை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றி வண்டியைக் கிளப்பினான். மாரியாயி வாசலுக்கு வந்து நின்று, ஆயிரம் பத்திரம் சொல்லி, இருவரையும் திட்டி வழியனுப்பினாள். லோரி நேராகப் போய், புது ரோட்டில் ஏறி, எங்கும் நிற்காமல் பாலத்தின் மேல் போய் மறைந்தது.

மாரியாயி இருந்தவரை நாகையா அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். 1934இல் அவள் செத்தபோது தங்கமணியும் கன்னையாவும் வந்தார்கள். காரியங்கள் முடியும்வரை இருந்தார்கள். அவர்களுக்கு அப்போது இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. மாரியாயியின் பெயரையே வைத்திருந்தார்கள். நாகையா குழந்தையைத் தூக்கிச் சற்று நேரம் மடியில் வைத்திருந்தான். தங்கமணியோடு அவன் தனியாகப் பேச நேரவில்லை. நேர வேண்டுமென்று இருவரும் முயலவும் இல்லை. அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸுக்கு வர அவனுக்குக் காரியம் ஏதும் இருக்கவில்லை.

அடுத்த வருஷம் கிள்ளானிலிருந்து, தங்கமணி இருந்த தெலுக் பங்லிமா காராங்குக்கு ஒரு பஸ் விட்டார்கள். பாசார் முனையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க வரும்போது நாகையா அதைப் பார்ப்பான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரை ராகம் போட்டுக் கூவுவான். “முக்கா மணி நேரம்தான்லா, அண்ணே, ஏறுறீங்களா?” என்று கேட்பான்.

நாகையா வேண்டாமென்று தலையை ஆட்டுவான். பஸ் புறப்பட்டு முதல் வளைவு திரும்பும்வரை நிற்பான். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடப்பான்.